நாலாவது போல்ட்

போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. இறுகவில்லை.

"சம்பந்திம்மா, மறுபடியும் மரை போயிடுச்சுங்க" என்றார் சம்பந்தி.

துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

எனக்கு மட்டும் என்னவாம். உள்ளே குத்தாட்டமே நடந்தது. பேரன் எடுக்கப்போகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று என்னை நானே அதட்டினேன். அடங்கினால்தானே.

விஷயம் இதுதான். அந்த போல்ட் இறுகியிருந்தால் இன்றோடு வண்டி தயார். அவர் அதில் ஏறி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வர அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

மனைவியை இழந்த மனிதர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு, அதுவும் புருஷனை இழந்த சம்பந்தியம்மா இருக்கும் வீட்டுக்கு, வாராவாரம் சும்மா வர முடியுமா? வாசலில் ஏதாவது பழுதாகி நின்றால்தான் மரியாதை.

நின்றது. எங்கள் இருவரையும்விட மூத்த மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்து, யாரிடமோ அடி வாங்கியது போல வந்து சேர்ந்தது. தன் மாடி வீட்டில் கழற்றிப் போட இடமில்லை என்று எங்கள் கார் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார். அதே ரக வண்டி ஒன்றைப் பழைய இரும்புக்கடையில் கண்டுபிடித்து, அதன் ஃபோர்க்கை இதற்கு மாற்றினோம். ஒரு வாரம் குழாய். ஒரு வாரம் ஸ்பிரிங். எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் சீல் மட்டும், அவசரமே இல்லாமல், இரண்டு வாரம் போட்டோம்.

கடைசியில் மிஞ்சியது முன்சக்கர அச்சைக் கவ்விப் பிடிக்கும் நாலு போல்ட்டுகள். நாலாவதன் துளையில் மரை தேய்ந்து மழமழவென்று கிடந்தது.

துளை என்று வந்துவிட்டால் அது என் இலாகா. காலமெல்லாம் பல் டாக்டராக இருந்தவள் நான். சொத்தையைக் குடைவது போலப் பழைய மரையைக் குடைந்து எடுத்தேன். புதிதாக மரை வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் ஒன்றை இறக்கி உட்கார வைத்தேன். நேற்று சாயங்காலம் தனியாக வந்து இறுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு, வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

மருமகள் அதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே அவள் அந்த ஜன்னலில்தான் நிற்கிறாள். "இது எப்ப அத்தை முடியும்?" என்று கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவேன். அவர் அவளுடைய அப்பா. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் வேண்டாம்.

போல்ட் போன சந்தோஷத்தில் எழுந்த சம்பந்தி, ஃபோர்க் ஆயில் டப்பாவை உதைத்துவிட்டார். தரை துடைக்கும் மாப்பை எடுத்துவந்து துடைத்தேன். அதன் பிடி நடுவில் வளைந்திருந்தது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போனது. இந்தக் காலத்து இரும்பெல்லாம் வெறும் தகரம் என்று முனகிக்கொண்டே ஒருவழியாகத் துடைத்து முடித்தேன்.

பிறகு வாய் பார்க்கும் கண்ணாடியைத் துளைக்குள் காட்டினேன்.

கம்பிச் சுருள் மரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தானாக விழுந்த பல்லுக்கும் பிடுங்கிய பல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? யாரோ ஸ்பானரின் வாலில் நீளமாக எதையோ செருகி, உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்திருக்கிறார்கள்.

திருட்டு மனுஷா, என்று மனசு துள்ளியது. எனக்காகவா?

திரும்பிப் பார்த்தேன். அவர் மற்ற மூன்று போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வேண்டுமென்றே ஒரு போல்ட்டைக் கெடுக்கச் சொன்னால் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். தவிர, அவர் வந்ததே இப்போதுதான்.

என் மகனா? அவனுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

மருமகள் டீ கொண்டுவந்தாள்.

"என்னப்பா, இன்னைக்கும் கிளம்பாதா? பரவாயில்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்றாள். அவள் அப்பா தலையை ஆட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

எனக்கான டம்ளரை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் பிளாஸ்திரி. நகக்கண்ணெல்லாம் கறுப்பாக கிரீஸ்.

நான் டம்ளரைப் பார்த்தேன். பிளாஸ்திரியைப் பார்த்தேன். சுவரில் கோணலாகச் சாய்ந்திருந்த மாப்பைப் பார்த்தேன். பிடி வெறும் குழாய். ஸ்பானரின் வால் சரியாக நுழைகிற அளவு.

டீயை ஒரு வாய் குடித்தேன்.

"புதுசா ஒரு மாப் வாங்கணும்மா" என்றேன். "பிடி மட்டும் நல்லா கெட்டியா பார்த்து வாங்கு."