பத்தாவது ஆள்

உள்ளே பத்துப் பேர் இருந்தால் சட்டப்படி அது பொது இடம். கதவு எல்லோருக்கும் திறந்துவிடும். ஒன்பது பேர் வரை அது வீடு. உரிமையாளர் ஏற்ற முகங்களுக்கு மட்டுமே திறக்கும். அதனால் வெயிலுக்கு ஒதுங்கும் அந்தக் குளிர்கூடத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடுவதில்லை. காவலாளி மாசிலாமணி வெளியேதான் நிற்பான்.

பகல் வெப்பம் ஐம்பத்திரண்டு டிகிரி. ஒரு பெண் அழும் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, புள்ளைக்கு மூச்சு வாங்குது. உள்ள விடுங்க."

கதவின் மின்திரையில் உள்ளே எட்டுப் பேர் என்று இருந்தது. ஒலிபெருக்கியில் உரிமையாளர் கேட்டார்.

"எந்தத் தெருவாம்?"

"ஏரிக்கரைக் காலனிங்க," என்றான் மாசிலாமணி.

"இது என் வீடுய்யா. சத்திரமா?"

அப்போது ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தார். அவருக்குக் கதவு திறந்து மூடியது. திரை ஒன்பது என்றது. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது.

காவலாளியின் முகமும் கதவுக்குத் தெரியும். மாசிலாமணி உள்ளே போய் நின்றான். திரை பத்து என்றது. கதவு அகலத் திறந்தது.

"வெளிய வாடா! வேலை போயிடும்!"

"போகட்டும் சார். நீ வாம்மா, சீக்கிரம்."

"யாராவது ஒருத்தர் வெளிய போங்களேன், எண்ணிக்கை குறையட்டும்," என்று அவள் வாசலைத் தாண்டுமுன் உரிமையாளர் ஒலிபெருக்கியில் உள்ளே இருந்தவர்களிடம் கெஞ்சினார்.

அவர்கள் திறந்த கதவு வழியே வெயிலைப் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை.