ஜோடித் துப்பாக்கியின் விலை

“அந்த விலையைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்ல முடியாதா, மேடம்?”

மர்ஜரி வாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இல்லினாய் மாநிலத்தின் அந்த ஏலக்கூடத்தில் முப்பது வருடமாகப் பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்புப் போடுகிறவள். விற்க வருகிறவர்கள் ஏற்றிச் சொல்லும்படிதான் கெஞ்சுவார்கள். எதிரே உட்கார்ந்திருந்த டெல்பர்ட் ஹாஸ்கின்ஸோ சொந்தத் துப்பாக்கியின் விலையை இறக்கச் சொல்கிறார்.

“இது உங்க துப்பாக்கிதானே?”

“ஆமா. உள்நாட்டுப் போர்ல எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பா இடுப்புல இருந்தது.”

“அப்போ ஏன் இறக்கச் சொல்றீங்க?” சிரித்துக்கொண்டே மேசைவிரிப்பின் மேல் கிடந்த சுழல்துப்பாக்கியைத் திருப்பினாள். “இங்க பாருங்க. பிடியில அவர் பேரு செதுக்கியிருக்கு. பழைய நீலப் பூச்சை யாரும் தேய்ச்சுப் பளபளப்பாக்கிப் பாழ் பண்ணல. ஆனா தோட்டா உருளையில ஒரு எண், உடம்புல வேற எண். அதனால இது மட்டும்னா நாலாயிரம் டாலர். இதுக்கு அடுத்த எண்ல ஒரு ஜோடி இருக்கணும். துடைக்கிறப்போ யாரோ உருளையை மாத்திப் போட்டுட்டாங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா, உருளையைச் சரியா மாத்திடலாம். தொண்ணூறாயிரம்.”

“நாலும் நாலும் எட்டுதானே? எட்டு எப்படித் தொண்ணூறு ஆகும்?”

“ஒத்தைக் கால் செருப்பை யார் வாங்குவா, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்?”

அவர் சிரிக்கவில்லை. தொப்பியின் விளிம்பை விரல்களால் சுற்றிக்கொண்டே இருந்தார். அறுபது வயதிருக்கும். காப்பி ஆறிக் கிடந்தது.

“இப்போ விலை ஏறியிருக்கும். போன மார்ச்சுல இவ்வளவு போயிருக்காதுல்ல?”

“அப்போ இன்னும் ஜாஸ்தி. லட்சத்தைத் தாண்டியிருக்கும். இந்த வருஷம்தான் சந்தை கொஞ்சம் படுத்திருக்கு.”

அவர் முகம் மாறியதை மர்ஜரி கவனித்தாள். நல்ல சமயத்தைக் கோட்டைவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, வித்தாலும் பணம் கைக்கு வர ஒரு வருஷமாவது இழுக்கும், இல்லையா?” ஆமாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி.

“சேச்சே, ஜோடின்னா பாதிப் பணத்தை முன்னாடியே குடுத்துடுவோம். ஒரே வாரம்.”

“ஒரே வாரம்,” என்றார் அவர், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

மர்ஜரிக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தணித்தாள். “இன்னொண்ணு யார்கிட்ட?”

“தம்பி வெர்லின்கிட்ட இருந்துச்சு. அப்பா செத்தப்போ ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டோம்.”

“தம்பியோட பேச்சுவார்த்தை உண்டா?”

“இல்ல.”

இப்படி எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் பெட்டியை ஒருவரும் சாவியை ஒருவருமாகப் பிடித்துக்கொண்டு ஆயுசு முழுக்க முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

“நீங்க மூத்தவர். நீங்கதான் இறங்கிப் போகணும். ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாருங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா நம்பரைக் குடுங்க, நான் பேசுறேன். விலையைச் சொன்னா எந்தத் தம்பியும் நம்பாம இருக்க மாட்டான்.”

“வேண்டாம், மேடம். அதுவும் இப்போ என்கிட்டதான் இருக்கு. வெளியே வண்டியில.”

மர்ஜரி பாதி எழுந்துவிட்டாள். “முதல்லயே சொல்ல வேண்டாமா? எடுத்துட்டு வாங்க. வசந்தகால ஏலத்துக்கு இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்.”

டெல்பர்ட் அசையவில்லை.

“நான் விக்க வரல. போன மார்ச்சுல தம்பி என் வாசல்ல வந்து நின்னான். கல்லீரல் ஆபரேஷன், காப்பீட்டுக்காரன் கையை விரிச்சுட்டான்னான். ரெண்டையும் சேர்த்து வித்துடலாம்னு நீங்க சொன்ன இதே கணக்கை ஒண்ணுவிடாம சொன்னான். என்னோடதை அமுக்கப் பாக்குறியாடான்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன்.”

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை அவனைப் புதைச்சோம். அவன் துப்பாக்கியை எனக்கே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். அவன் அன்னைக்குச் சொன்னது பொய்னு உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்னுதான், மேடம், முந்நூறு மைல் வண்டி ஓட்டிட்டு வந்தேன்.”