மேசைக்குப் பாலிஷ் போட்ட துணிப்பந்து

தச்சுப் பட்டறையில் புதிதாகச் செய்த தேக்கு மேசை ஒன்று கவலையோடு நின்றது. "நாளைக் காலையில் என்னைப் பார்க்க வருகிறார்கள். இப்படிச் சொரசொரவென்று இருந்தால் யாருக்குப் பிடிக்கும்?"

"கவலையை விடு," என்று தூரிகை முன்னால் வந்தது. அரக்குப் பாலிஷில் முங்கி எழுந்து, ஒரே மூச்சில் தடிமனாகப் பூசி முடித்தது. காய்ந்ததும் பார்த்தால் மேசை முழுக்கக் கோடு கோடாக இருந்தது. ஓரத்தில் வழிந்தது அப்படியே உறைந்து நின்றது. மேசைக்கு அழுகை வந்துவிட்டது.

உப்புத்தாள் வந்து எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தது. அதன்பின், பழைய வேட்டித் துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய துணிப்பந்து பாலிஷைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு, எங்கும் நிற்காமல் வட்டம் வட்டமாக மேசைமேல் சுற்றியது. காயும்வரை காத்திருந்து மறுபடியும் சுற்றியது.

"ஒன்றும் ஏறின மாதிரியே தெரியவில்லையே?" என்றது மேசை.

"ஏறுகிறது. நீ ஆடாமல் இரு."

மறுநாள் வந்த பெண்மணி மேசைமேல் உள்ளங்கையை ஓட்டினாள். கை வழுக்கிக்கொண்டு போனது. "அடடா, என்ன அருமையான மரம்!" என்று சொல்லி அப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தூரிகைக்குப் பொறுக்கவில்லை. "மரத்தைத்தானே புகழ்ந்தாள்! உன்னைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?"

"நான் போட்டது அவள் கண்ணில் பட்டிருந்தால், மேசையை அனுப்பியே இருக்க மாட்டேன்," என்றது துணிப்பந்து.