தலைக்கனம்

"ஹைமா, இங்க வாடி. இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்" என்று தங்கையின் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள் ரத்னகுமாரி.

பீமவரத்தில் அவர்களுடைய தம்பி கட்டிய புது வீட்டுக்கு அன்று கிருகப்பிரவேசம். கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். யாருடைய இறால் குளம் எத்தனை ஏக்கர், யார் பிள்ளை டல்லாஸில் எவ்வளவு பெரிய வீடு வாங்கினான் என்று காலையிலிருந்து அதே பேச்சு. ஹைமவதி அத்தனை பேருக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துத் தங்கள் பெருமையைச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் அடுத்த ஆளிடம் போனார்கள்.

கணவன் இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பாலகொல்லுவில் தனியாக இருப்பவள். அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டத்துக்கே வந்திருந்தாள். அக்காவிடம் மட்டும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் பந்தி முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சின்ன மாமா மகள் ஸ்ரவந்தியின் விவாகரத்தைப் போன கல்யாணத்தில் இலைக்கு இலை பரிமாறியவர்கள் ஆயிற்றே.

கொல்லையில் வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. உட்கார்ந்ததும் ஹைமவதி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம், இரு. முதல்ல இதைக் கேளு. நம்ம தம்பி பொண்டாட்டி அனசூயா கட்டியிருக்கிற பட்டைப் பார்த்தியா? ஊரெல்லாம் காட்டிட்டுத் திரியறா. என் பொண்ணு பார்கவி எனக்கு எடுத்துக் குடுத்த இந்தப் புடவைக்குப் பக்கத்துல அது நிக்குமா? பெருமைக்குச் சொல்லல. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது, உனக்கே தெரியும்."

ஹைமவதி அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையசைத்தாள்.

"ஸ்ரவந்தியும் வந்திருக்கா பாரு, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? முன்வரிசையில உக்காந்து போட்டோ எடுத்துக்கறா. என் மருமகன் சொல்றாரு, உங்க குடும்பத்துல ஒழுங்கா வளர்ந்தது பார்கவி ஒருத்திதான்னு. நானா சொல்லல, அவர் சொன்னது."

"ம்."

"அவளுக்கு மறுபடி பிரமோஷன். பன்னெண்டு வெள்ளைக்காரங்க அவளுக்குக் கீழ வேலை பார்க்கறாங்க. எப்படி?"

ஹைமவதி சிரித்தாள்.

"இதுதான்டி உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. குறுக்க பேசாம கேட்டுப்ப."

ரத்னகுமாரி மூச்சு வாங்க நிறுத்தினாள். ஹைமவதி அவள் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அக்கா, நான் வேலையை விட்டேனே, அது ஏன்னா..."

அதற்குள் ரத்னகுமாரி எழுந்துவிட்டாள். "குடும்ப போட்டோவுக்குக் கூப்பிடறாங்க. நான் நடுவுல நிக்கலன்னா அந்த இடத்தை அனசூயாவோட அம்மா பிடிச்சிடுவா. உன் கதையை அப்புறம் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

ஹைமவதி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே காலி நாற்காலி. அவளைத் தேடி யாரும் வரவில்லை. கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்து புளிஹோரா சாதமும் தயிரும் சாப்பிட்டுக் கிளம்பினாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது ரத்னகுமாரி அனசூயாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், இரண்டடி தள்ளி, ஹைமவதி குனிந்து தன் செருப்பைத் தேடினாள்.

"அவளுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு அனசூயா. மனசு விட்டு அவ்வளவு பேசறேன், பார்கவி எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. பேருக்கு ஒரு சிரிப்பு. போன மாசம் நாலு தடவை போன் பண்ணேன், எடுக்கல. பதிலுக்கு ரெண்டு வரி மெசேஜ் அனுப்பறா, மகாராணி."

"டீச்சர் வேலையை ஏன் விட்டாங்களாம்?"

"ஹெட்மாஸ்டரோட ஏதோ தகராறுன்னு கேள்வி. இல்லன்னா கவர்மெண்ட் வேலையைப் பாதியில யாராவது விடுவாங்களா?"

அனசூயா தற்செயலாகத் திரும்பினாள். நாத்தனாரின் கையைப் பிடித்து அழுத்தினாள். "வதினா, மெதுவா. சின்ன வதினா பின்னாலயே நிக்கிறாங்க."

"கேக்கட்டும். கேட்டாவது புத்தி வரட்டும்."

ஹைமவதி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். இருவரையும் பார்த்துக் கைகூப்பினாள். "வரேன் அக்கா. வரேன் அனசூயா" என்று அதே சிரிப்போடு படி இறங்கினாள்.

"பார்த்தியா?" என்றாள் ரத்னகுமாரி. "இவ்வளவு பேச்சுக்கும் முகம் கொஞ்சமாவது வாடிச்சா? இதுக்குப் பேருதான் தலைக்கனம்."

பாலகொல்லு பஸ்ஸில் ஹைமவதிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் சொல்லாமலே திரும்புகிறாள். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும், ஒரே ஒரு ஆளுக்குச் சோறு வைக்க வேண்டும்.

கொய்யாப்பழக் கூடையோடு ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு ஏதோ கேட்டாள். ஹைமவதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவள் தோளைத் தொட்டு மறுபடி கேட்டாள். ஹைமவதி திரும்பி, எல்லோருக்கும் சிரிப்பது போலச் சிரித்தாள்.

அந்தப் பெண் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் அவள் முகத்தையே கூர்ந்து பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, கையை விரித்து, இல்லையா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

ஹைமவதி தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காமல் போன இந்த ஒன்றரை வருடத்தில், அவள் சொல்லாமலே அதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அந்தக் கொய்யாப்பழக்காரிதான்.