ரோப் காருக்குப் பயந்தவள்

"எனக்கு பயமா இருக்குடா. நான் வரல."

சோளிங்கர் மலையடிவாரத்தில், ரோப் காரில் ஏற வேண்டிய நேரத்தில் ராஜம்மாள் இப்படிச் சொன்னால் மகனுக்குக் கோபம் வராதா? அதுவரை மருமகள் மதிவதனியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நன்றாகத்தான் வந்தாள்.

"விளையாடுறியாம்மா?" மணிவேல் கத்தினான். "ரோப் கார் விட்டதுலேர்ந்து நரசிம்மரைப் பாக்கணும்னு உயிரை எடுத்தது யாரு? முட்டி போனவளுக்கும் சாமி வழி விட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே!"

"அப்ப தெரியலடா. இப்ப பாத்தா தலை சுத்துது. நீ கொழந்தைய இட்டுக்கினு போய்ட்டு வா. மதி எனக்குத் துணையா இருக்கட்டும்."

மதிவதனியும் சும்மா இருக்கவில்லை. "என்னங்க அத்தை, இதுக்கா விடியக்காலம் எழுந்து கிளம்பி வந்தோம்?" என்று தன் பங்குக்கு ஒன்று போட்டாள்.

உள்ளுக்குள் அவளுக்குப் போன உயிர் திரும்பியிருந்தது. கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் அந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தது அவள்தான். சொன்னால் மணிவேல் விடுவானா? தீபத் திருவிழா ராட்டினத்தில் அவள் அலறியதை இன்னும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறவன் ஆயிற்றே.

மகள் கவிநிலாவைத் தூக்கிக்கொண்டு அவன் முணுமுணுத்தபடியே ஏறினான். கூட்டம் "கோவிந்தா!" என்றது. ராஜம்மாள் ஊர்ப் பழக்கத்தில் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கை கூப்ப, வரிசையே சிரித்தது.

"அத்தை, இது பெருமாள் கோயிலு. மானம் போவுது" என்று மதிவதனி பல்லைக் கடித்தாள்.

பெட்டி மேலே போய் மறையும்வரை ராஜம்மாள் கூப்பிய கையை இறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அவ்ளோ ஆசைன்னா கண்ண மூடிக்கினு ஏறியிருக்கலாம் இல்ல?"

"போவுது வுடு. நம்ம ஊர்ல மலைதானே சாமி? கீழேர்ந்துதானே கும்பிடறோம். இதையும் அப்படியே நெனச்சிக்கறேன். இனிமே நான் எங்க வரப் போறேன்?"

திரும்பும் வழியெல்லாம் மணிவேலின் கிண்டல்தான். "உன் பேத்தி கூட பயப்படலம்மா!"

மதிவதனியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே மனசு உறுத்தியது. தன் பயத்துக்கும் சேர்த்து அத்தை ஒருத்தியே பேச்சு வாங்குகிறாள். 'எனக்கும் பயம்தாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை. அதற்குள் அவர்கள் ஊரான அடி அண்ணாமலை வந்துவிட்டது.

வாசலிலேயே எதிர்வீட்டு பாஞ்சாலை ராஜம்மாளைப் பிடித்துக்கொண்டாள். அத்தைக்குத் தண்ணீர் எடுத்துவந்த மதிவதனி, பேச்சு காதில் விழ, கதவோரம் நின்றாள்.

"சாமி பாத்தியா ராஜம்மா?"

"எங்க? ரோப் காரைப் பாத்து பயந்துக்கினு கீழயே உக்காந்துட்டேன்."

"யாரு, நீயா? புல்லுக்கட்டைத் தலையில வச்சிக்கினு இந்த மலையில பாறைக்குப் பாறை தாவுனவ நீ! உனக்கா பயம்? யாரு காதுல பூ சுத்தற?"

"மெதுவா பேசுடி, உள்ள கேட்டுடப் போவுது." ராஜம்மாளின் குரல் தணிந்தது. "வரிசையில மருமவ கையைப் புடிச்சிக்கினு நின்னேன். பாவம், ஜில்லுனு நடுங்கிக்கினு இருந்துச்சு."