முப்பத்தொன்றாம் எண் எலி

அப்பன் வெள்ளை, அம்மா வெள்ளை. கூண்டில் ஏழு குட்டிகளுக்கும் கறுப்பு ரோமம் முளைத்திருந்தது.

ஆய்வாளர் குராஹாஷி கைதட்டினார்.

நான் கைதட்டவில்லை. முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கியோத்தோ ஆய்வகத்தில் எலி மூத்திரத்தில் ஊறிய மரத்தூளை அள்ளுகிறேன்.

அவர்கள் செய்தது இதுதான். முப்பத்தொன்றாம் எண் வெள்ளை எலிக்கு மருந்து கொடுத்து விரையைக் காலியாக்கினார்கள். ஒரு கறுப்பு எலியின் விந்துக்கு மூலமான செல்களை எடுத்து, மயிரிழை ஊசியால் அதற்குள் ஏற்றினார்கள். வீட்டுக்காரனை விரட்டிவிட்டு வேறொருவனைக் குடிவைத்த மாதிரி.

முப்பத்தொன்றுக்கு இதை யார் சொன்னது? விலகி ஊர்ந்த ஒரு குட்டியை வாயால் கவ்வி வந்து, மற்றவற்றோடு சேர்த்து, மேலே படுத்துச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது.

குராஹாஷி சிரித்தார்: "முட்டாப்பய, தன்னோடதுன்னு நெனச்சுக் கொஞ்சுறான் பாருங்க! பெரியவரே, இவனை அறுத்துப் பாக்கணும். மூணு மணிக்கு அஞ்சலி. அதுக்குள்ள கொன்னுட்டீங்கன்னா இந்த வருஷமே சேர்த்துக் கும்பிட்டுடலாம்."

ஆண்டுக்கொரு முறை, நாங்கள் கொன்ற எலிகளுக்காக நட்டிருக்கும் கல்லின் முன் சாமந்தி வைத்து வணங்குவோம். உயிரோடிருப்பவனுக்கும் அதில் இடம் பிடித்துத் தருகிறார், மகராசன்.

இரண்டரை மணிக்குப் போய்ச் சொன்னேன்: "முப்பத்தொன்ன அவன் பொண்டாட்டியே தின்னுட்டாளுங்க. வால்கூட மிச்சமில்ல."

வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். ஒரு எலி இன்னொரு எலியை அதற்குள் வாலோடு தின்று முடிக்க முடியாது. ஆனால் வாந்தி வருகிறவன் நேரம் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் முப்பத்தொன்றுக்காகவும் குனிந்தார்கள். நானும் பயபக்தியோடு குனிந்தேன். கோட்டுப் பைக்குள் என் சாப்பாட்டு டப்பா பிறாண்டியது.

வீட்டில் மகள் மிவாகோ டப்பாவைத் திறந்து அலறினாள். "சோத்து டப்பாவுல எலியா? அசிங்கம் பிடிச்ச அப்பா!"

"நம்ம ஆளுதாம்மா."

திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தாள். சுருட்டை முடி அவள் முகத்தில் விழுந்தது.

எனக்கு நேர்முடி. அவள் அம்மாவுக்கும் நேர்முடிதான். அவள் அம்மாவுக்கு ஏற்றிய விந்து யாருடையது என்று அன்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.