மரியாதைக்கு எத்தனை மார்க்?

"ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? பல்லுக்கு வந்தா பல்லு கியூவுல போய் நில்லு! இங்க வந்து என் உயிரை வாங்காத!"

பதிவு கவுன்ட்டரில் இருந்த கிளார்க் போட்ட கத்தலில் அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

தூணோரமாக உட்கார்ந்திருந்த தர ஆய்வாளர் பேனாவைத் திறந்தாள்.

எச்.ஐ.வி. நோயாளிகளை ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்துகிறார்கள், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்களா என்று பார்த்து மார்க் போடுவது அவள் வேலை. இந்த வாரத்தில் இது நாலாவது ஆஸ்பத்திரி. இருபது வருஷம் நர்ஸாக நின்று தேய்ந்த கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூட்டம், இதே கத்தல்.

அந்தப் பெண் நீட்டியது பதினொன்றாம் அறை அட்டை. எச்.ஐ.வி. மருந்து வாங்குகிறவர்களுக்குத் தருவது. அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பெண் செய்த குற்றம்தான் என்ன? பின்னால் நின்றவள் ஏதோ கேட்டாள். இவள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லத் தடுமாறினாள். அந்த அரை நிமிஷத் தாமதம்கூடப் பொறுக்காமல், அட்டையை வெடுக்கென்று பிடுங்கி டிராயரில் போட்டுக்கொண்டு எரிந்து விழுந்துவிட்டார் மனிதர். ஆஸ்பத்திரியில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயராம். சும்மா வைக்கவில்லை.

அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி பல் பிரிவு வரிசையில் போய் நின்றாள்.

'மரியாதை' என்று இருந்த கட்டத்தில் ஆய்வாளர் ஒரு முட்டை போட்டாள்.

பத்து நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. கிளார்க் அடுத்தடுத்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே, கழுத்தை நீட்டி நீட்டி, பொது நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தார். ஐம்பத்திரண்டாவது நிமிஷம், அங்கிருந்து இரண்டு மூன்று பேர் மருந்தோடு வாசலைத் தாண்டிப் போனதும், திடீரென்று எழுந்து போனார். அந்தப் பெண்ணிடம் அட்டையைக் கொடுத்து ஏதோ முணுமுணுத்தார். அவள் விறுவிறுவென்று பதினொன்றாம் அறைக்குள் போய்விட்டாள்.

தப்பு செய்துவிட்டு இப்போது பூசி மெழுகுகிறார் என்று ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கவுன்ட்டருக்குப் பின்பக்கம் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணுக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல சார். அட்டையை நீங்களே பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அங்க அனுப்பினீங்க?"

கிளார்க் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "காலைலேருந்து நானூறு பேரைப் பார்த்தாச்சு மேடம்."

"அதுக்காக வாய்க்கு வந்தபடி பேசுவீங்களா? பாவம், யார் கண்ணுல படுவோமோன்னு பயந்து பயந்து வர்றவங்க. நாலு பேர் முன்னாடி இப்படி அவமானப்படுத்தினா அடுத்த மாசம் மருந்து வாங்க வருவாங்களா? மருந்தை நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் மேடம்."

"உங்க மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. நான் இதையும் எழுதினா, நாளைக்கே உங்களை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"எழுதிக்கோங்க. அங்கயாவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம்."

"காரணம்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க சார். அதையும் சேர்த்தே எழுதறேன்."

"நோயாளி விஷயத்தை நோயாளிகிட்டதான் மேடம் கேக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்தது யாருப்பா? சீக்கிரம் வா!"

என்ன திமிர்! இந்த மாதிரி ஆட்களைத் திருத்தித் திருத்தியே தன் காலம் போய்விட்டது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. பதினொன்றாம் அறை வாசலில் காத்திருந்தாள்.

அந்தப் பெண் மருந்து டப்பாவைப் பையின் அடியில் திணித்தபடி வெளியே வந்தாள். ஆய்வாளர் அவளை ஆள் இல்லாத மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனாள்.

"பயப்படாதம்மா. உன் பேரு எங்கயும் வராது. அந்தக் கவுன்ட்டர் ஆளு உன்னைத் திட்டினதை நான் என் கண்ணால பார்த்தேன். எனக்கே மனசு ஆறல. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, அந்த ஆளை இன்னிக்கே மாத்தச் சொல்லிடறேன்."

அந்தப் பெண் பதறிப் போனாள். "ஐயோ, அவரையா? வேண்டவே வேண்டாம் மேடம்!"

"இப்படிப் பயந்துட்டே இருந்தா எப்படிம்மா?"

"பயம் இல்ல மேடம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர, இந்த விஷயம் எங்க குடும்பத்துல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே எங்க ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்திடுவாங்க. இன்னிக்குப் பார்த்து எனக்குப் பின்னாடி வந்து நின்னது என் நாத்தனார்."

ஆய்வாளரின் கையில் பேனா அப்படியே நின்றது.

"'அண்ணி, நீங்க எங்க இங்க'ன்னு கேட்டாங்க மேடம். அட்டை கையில இருக்கு. என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்ல வேண்டிய பொய்யை, என் நாத்தனார் காதுல நல்லா விழணும்னு, அவர்தான் கத்திச் சொன்னாரு."